விண்டோஸா, லினக்ஸா? மாறுவதற்கு முன் ஒரு கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் விற்பனையும் பழுதுபார்ப்பும் நடத்திவரும் நம் வணிகவியல் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"சாப்பாட்டுக்கு முன்னால கால் மணி நேரம்தான் உங்களுக்கு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். திண்டுக்கல்லில் பிரியாணி வாசனை வந்த பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கத்தின் முன்னால் ஒரு கோரிக்கை இருக்கிறது. கல்லூரி லேபில் உள்ள பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது, எல்லாவற்றையும் புதிதாக வாங்க நிதி திரட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர். "எதுக்குங்க காசு? லினக்ஸ் போட்டாப் போச்சு" என்கிறார்கள் இன்னும் சிலர். இரண்டு தரப்பும் கொஞ்சம் அவசரப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவித்தார்கள். அது தவணை தள்ளிப்போடுவதுதான், கடன் தீர்வது அல்ல. ஆதரவு நின்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பலர் பயந்துபோய்க் கடைக்கு வந்தார்கள். நிற்காது. நிற்பது, ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தருகிற வேலை மட்டும்தான். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, நினைவிருக்கிறதா? அதற்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள்.

விண்டோஸ் 11 கேட்கிற தகுதிகள் கறாரானவை. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் பெரிய நிபந்தனை இல்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறைச் செயலி வேண்டும் என்பதில்தான் சிக்கல். 8ஆம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017ல்தான். அதற்கு முன் வாங்கிய நல்ல மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிழடாகிவிட்டன.

ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்பிக்கு 2014ல் முடிவு வந்தது. விண்டோஸ் 7க்கு 2020ல் வந்தது. பத்துக்கு 2025ல். பதினொன்றுக்கும் ஒரு நாள் வரும். எனவே இது ஒருமுறை காசு கொடுத்துத் தீர்க்கிற பிரச்சினை இல்லை. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கப்போகிற கேள்வி.

சரி, லினக்ஸ் இலவசம்தானே, நம்ம ஊரில் ஏன் அது பரவவே இல்லை? நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்ம ஊரில் விண்டோஸும் இலவசமாகத்தான் இருந்தது! ஒரு சிடியை ஊரெல்லாம் சுற்றவிட்டோம். அப்புறம் பென் டிரைவ், அப்புறம் கிராக். காசு கொடுத்து வாங்கியிருந்தால், காசில்லாமல் கிடைப்பதன் அருமை தெரிந்திருக்கும். இரண்டுமே சும்மா கிடைத்தபோது, பழகினதையே எடுத்துக்கொண்டோம். அந்தக் கிராக்கோடு சேர்ந்து உள்ளே என்னென்ன வந்தது என்பது வேறு கதை.

நம் மாநில அரசே ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. 2006, 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அவர்கள், தம் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றினார். பள்ளிகளுக்கும் லினக்ஸ் போனது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ல் வெளிவந்தது. 2011ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் என்ன ஆனது? என் கடைக்கு வந்த பிள்ளைகள் பலர் முதலில் கேட்டதே, "அண்ணே, இன்னொன்னு வருதே, அதை அழிச்சு விடுங்க" என்பதுதான். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 2001ல் பள்ளிகளுக்கான கணினித் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அங்கேயும் பாடம் விண்டோஸில்தான். பிறகு படிப்படியாக லினக்ஸுக்குப் போனார்கள். பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள், வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பரீட்சையையும் அதிலேயே வைத்தார்கள். இன்று அந்தத் திட்டம் கைட் என்ற பெயரில் நடக்கிறது, தங்களுக்கென்று ஒரு லினக்ஸையே தயாரித்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003ல் முடிவெடுத்து, பத்து வருஷம் பாடுபட்டு, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2017ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. மென்பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. உபயோகிக்கிறவர்களும் அவர்களுக்கு மேலே இருப்பவர்களும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். "எது ஒசத்தி?" என்று கேட்காதீர்கள். "எந்த ஒரு புரோகிராம் இல்லாமல் என் பிழைப்பு நடக்காது?" என்று கேளுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் நண்பருக்கும், சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் நண்பருக்கும் பதில் டாலி. டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் சுற்றிவளைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் வரி தாக்கல் செய்யும் கடைசி நாள் அன்றைக்கு அது முரண்டு பிடித்தால் யார் வருவார்? அவர்கள் மாற வேண்டாம். முறையாகக் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கட்டும், அது வியாபாரச் செலவு. இ-சேவை மாதிரி விரல்ரேகைக் கருவி வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்தக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பி வருகிறது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சக நண்பர்களின் நிலைமை இன்னும் சிக்கல். பேஜ்மேக்கர், கோரல்டிரா, அதில் பழைய தமிழ் எழுத்துருக்கள். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல். நாம் பூட்டு ஊர்க்காரர்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். பூட்டு வாங்கினால் சாவியும் நம் கைக்கு வர வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷமாக நாம் அடித்த தமிழுக்கு மட்டும் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

இதற்குத் தீர்வு புதிதல்ல. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் அடித்தால் விண்டோஸ், லினக்ஸ், மேக், செல்போன் எதிலும் அதே தமிழ்தான் தெரியும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது. ஆப்பிளின் மேக்கில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறை பல வருஷமாக இருக்கிறது. மேக் அருமையான மெஷின், வடிவமைப்பு வேலைக்கு உகந்தது. ஆனால் லேப் முழுக்க மேக் வாங்கித்தர நம் சங்கத்தில் இன்னும் யாரும் அவ்வளவு வளரவில்லை!

மாணவர்களுக்கும், வீட்டில் கடிதம் எழுத, வங்கிக் கணக்குப் பார்க்க, படம் பார்க்க மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் என் பதில்: தாராளமாக மாறலாம். 4 ஜிபி நினைவகத்தோடு ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டால், பழைய மெஷினில் லினக்ஸ் மின்ட் போன்றவை நன்றாகவே ஓடும். சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்கியூஎல் எல்லாம் அதில் உண்டு. 2018ல் வந்த பிளஸ் ஒன் புதிய பாடப்புத்தகங்களிலேயே உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் பாடமாக இருக்கின்றன. தம்பி தங்கைகள் பலர் பள்ளியில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இங்கே வந்து மறக்கிறார்கள்.

லினக்ஸிலும் குறை உண்டு. பழைய பிரிண்டர்கள் சிலவற்றுக்கு டிரைவர் கிடைக்காமல் தலைவலி வரும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கும் ஐந்து வருஷம்தான் வழக்கமான ஆதரவு. ஒரே வித்தியாசம், அடுத்த பதிப்பு வரும்போது பெரும்பாலும் மெஷினைத் தூக்கிப்போடச் சொல்வதில்லை.

மாற நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஃபைல்களை மாற்றுங்கள், பிறகு இயங்குதளத்தை மாற்றுங்கள். விண்டோஸில் இருந்துகொண்டே லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் போட்டு ஆறு மாதம் பழகுங்கள். தமிழை யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், ஸ்கேனர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து வைத்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும்.

இனி நம் லேபுக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு நாற்பது மெஷின், ஒன்று முப்பதாயிரம் என்று வைத்தால் பன்னிரண்டு லட்சம். பி.காம். பிள்ளைகளுக்கு டாலி பழக்க விண்டோஸ் வேண்டும். அதற்குப் பத்து மட்டும் புதிதாக வாங்கினால் மூன்று லட்சம். மீதி முப்பதுக்கும் எஸ்எஸ்டியும், தேவைப்பட்டால் நினைவகமும் போட்டு லினக்ஸ் ஏற்றலாம். அதற்குச் செலவு மெஷினுக்குச் சில ஆயிரம்தான். மிச்சமாகும் பணத்தில் கட்டணம் கட்டச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. லேப் பொறுப்பாளருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி இல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது. தொடங்கினால் அந்த முப்பது மெஷினும், "இன்னொன்னு வருதே, அழிச்சு விடுங்க" என்று என் கடைக்குத்தான் வரும். முதல் வருஷம் முழுக்க மாதம் இரண்டு சனிக்கிழமை நான் வந்து உட்காருகிறேன். சங்கத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். சென்னையிலும் பெங்களூரிலும் லினக்ஸ் சர்வரோடுதான் உங்கள் பொழுது போகிறது. ஆளுக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்கள். செக் எழுதுவது சுலபம், சனிக்கிழமை கொடுப்பதுதான் கஷ்டம். எனக்கு அதுதான் வேண்டும்.

முடிவைச் செயற்குழு எடுக்கட்டும். எடுக்கும் முன் அந்த லேபில் தினமும் உட்காரும் பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்க, சாப்பிடப் போகலாம்.