குர்சுரா கப்பலைப் பார்த்தேன்

(வளர்கல்வி மையத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு தாய் பேசியது)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. "விசாகப்பட்டினம் போய் வந்தீர்களே, அங்கே பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று மையப் பொறுப்பாளர் கேட்டார். அதனால் வந்து நிற்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் கடற்படையில் மாலுமியாக இருக்கிறான். உங்களுக்கெல்லாம் தெரியும். போன வருடம் அவன் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்க்க விருப்பம் எழுதிக் கொடுத்தான். விசாகப்பட்டினத்தில் 'சாதவாகனா' என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கேதான் அவனுக்குப் பயிற்சி.

செய்தி கேட்ட நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் 'சிந்துரக்‌ஷக்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவள் நான். ஆகவே, அவனை நேரில் பார்த்து, "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்லவே ரயில் ஏறினேன். சென்னையில் மாலையில் ஏறினால், மறுநாள் காலையில் விசாகப்பட்டினம். சுமார் 800 கிலோமீட்டர்.

மகன் நான் சொன்னதைக் கேட்டான். கோபப்படவில்லை. "அம்மா, முதலில் ஒரு கப்பலுக்குள் வந்து பார். பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்" என்றான்.

அங்கே கடற்கரைச் சாலையில், மணலை ஒட்டி, ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. அதன் பெயர் குர்சுரா. அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம்.

குர்சுரா அந்தக் காலத்துச் சோவியத் நாட்டில் கட்டிய கப்பல். 1969 டிசம்பர் 18 அன்று நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரின்போது அரபிக் கடலில் காவல் பணி செய்தது. 31 ஆண்டுகள் உழைத்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்புத் திமிங்கிலம் கரையில் படுத்திருப்பது போல இருக்கும். நீளம் 91 மீட்டர். அதாவது 300 அடி. ஆனால் உள்ளே போனால் நம் ஊர்ச் சந்தை விட குறுகல். தலைக்கு மேலே குழாய்கள். இரண்டு பக்கமும் குழாய்கள், கம்பிகள், சக்கரங்கள், கடிகாரம் போன்ற அளவுமானிகள். நடுவில் ஓர் ஆள் நடக்க மட்டும் வழி.

உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான ஓட்டைதான் வாசல். முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, பிறகு மறு காலை இழுக்க வேண்டும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மெல்லத்தான் நுழைந்தேன். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அந்த வட்டக் கதவை மூடிவிடுவார்களாம். மற்ற அறைகளில் இருப்பவர்கள் பிழைப்பதற்காக.

எங்களுக்குக் கப்பலைச் சுற்றிக் காட்டியவர் கடற்படையில் ஓய்வு பெற்றவர். அவர் தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னார். மகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"கப்பல் எப்படி முழுகுகிறது? எப்படி மேலே வருகிறது?" என்று கேட்டேன். மகன் நம் வீட்டுக் குடத்தை வைத்தே விளக்கினான். காலிக் குடம் கிணற்றில் மிதக்கும். தண்ணீர் நிறைந்தால் உள்ளே போகும். அதுபோலக் கப்பலின் பக்கங்களில் பெரிய தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் கடல் நீரை விட்டால் கப்பல் முழுகும். அழுத்தி அடைத்து வைத்த காற்றைத் தொட்டிக்குள் திறந்துவிட்டால், அது தண்ணீரை வெளியே தள்ளும். கப்பல் மேலே வரும்.

கப்பலை ஓட்ட மூன்று டீசல் எஞ்சின்கள் உண்டு. டீசல் எரியக் காற்று வேண்டும். கடலுக்கு அடியில் காற்று ஏது? ஆகவே அடியில் போகும்போது பேட்டரி மின்சாரத்தில் மோட்டார்கள் ஓடும். மாலுமிகள் படுக்கும் இடத்துக்குக் கீழேதான் அந்தப் பேட்டரிகள் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் மேலே வரவேண்டும். அல்லது மேல்மட்டத்துக்கு அருகில் வந்து, ஒரு குழாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுக்க வேண்டும். அப்போது டீசல் எஞ்சினை ஓட்டி, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவார்கள்.

100 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எவ்வளவு அழுத்தும் தெரியுமா? சுண்டு விரல் நகம் அளவு இடத்தில் சுமார் 10 கிலோ எடை. கப்பலின் மேனி முழுவதையும் அப்படி அழுத்தும். இதைக் கேட்டதும் என் கை தானாக மகன் கையைப் பிடித்துக்கொண்டது.

இந்தக் கப்பலில் சுமார் 75 பேர் இருந்தார்கள். ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று கடிகாரம்தான் சொல்லும். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளியல் கிடையாது என்றே சொல்லலாம். ஒருவர் வேலைக்கு எழுந்து போனால், அந்தச் சூட்டோடு அதே படுக்கையில் இன்னொருவர் வந்து படுப்பார். சமையலறையைப் பார்த்தேன். நம் வீட்டு அடுப்படியில் பாதிகூட இருக்காது. அங்கே 75 பேருக்குச் சோறு!

கப்பலின் இரண்டு கோடியிலும் டார்பிடோ குழாய்கள் இருக்கின்றன. முன்னே 6, பின்னே 4. டார்பிடோ என்பது நீருக்குள் ஓடிப் போய் எதிரிக் கப்பலைத் தாக்கும் குண்டு. குழாயின் வாய் அகலம் 53 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். கப்பல் மேலே வர முடியாமல் போனால், மாலுமிகள் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு அந்தக் குழாய்க்குள் ஊர்ந்து வெளியேற வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு.

"நீயும் அதற்குள் போவாயா?" என்று கேட்டேன்.

"போகக் கற்றுக்கொள்வேன், அம்மா" என்றான்.

கப்பலை இயக்கும் நடு அறைக்கு வந்தோம். வால்வுகளையும் பிடிகளையும் எண்ண முடியவில்லை. வழிகாட்டி ஒரு வால்வைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். மகன் அதைத் தமிழில் சொன்னான். நீர்மூழ்கியில் வேலை பார்ப்பவர் தன் வேலையை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எதை மூடும் என்பதெல்லாம் தெரியவேண்டும். சமையல்காரருக்கும் தெரியவேண்டும். விளக்கு அணைந்துபோனாலும் கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பரீட்சை உண்டு. தேறினால்தான் சட்டையில் குத்திக்கொள்ள டால்பின் சின்னம் கொடுப்பார்கள்.

"ஏன் எல்லாருக்கும் எல்லாம் தெரியவேண்டும்?" என்று கேட்டேன்.

வழிகாட்டி சிரிக்கவில்லை. "ஒருவன் செய்யும் தவறு 75 பேரையும் கொல்லும். ஒருவன் செய்யும் சரியான வேலை 75 பேரையும் காப்பாற்றும்" என்றார்.

வெளியே வந்து கடற்கரையில் நடந்தோம். அந்தச் சாலையிலேயே 1971 போரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் போரில், டிசம்பர் 3ஆம் தேதி இரவு, இதே விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் 'காஜி' என்ற நீர்மூழ்கி மூழ்கியது. உள்ளே இருந்த 90க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அது மூழ்கியதற்கு இரு நாட்டாரும் வேறு வேறு காரணம் சொல்கிறார்கள். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, பாகிஸ்தானின் இன்னொரு நீர்மூழ்கி நம் 'குக்ரி' கப்பலை மூழ்கடித்தது. நம்மவர்கள் 194 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் பெற்றவர்கள் இருந்தார்கள். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

"இப்போது சொல் அம்மா. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?" என்று மகன் கேட்டான்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இரவில் இன்றைக்கும் அந்த வட்ட வாசல் நினைவுக்கு வருகிறது. ஆனால், முன்பு எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிகிறது. அவன் அதைத் தெரிந்துதான் விரும்பினான் என்பதும் தெரிகிறது. ஆகவே ஒன்றுதான் சொன்னேன்: "ஒரு வால்வைக்கூட விட்டுவிடாமல் நன்றாகப் படி. உன்னோடு இருக்கும் 74 பேருக்கும் அம்மா உண்டு."

விசாகப்பட்டினம் பக்கம் போகிறவர்கள் அவசியம் அந்தக் கப்பலைப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் நுழையுங்கள்.