வைக்கோல் புகையும் உமிச் சாம்பலும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் விவசாயத் தொழிலாளர், ரைஸ் மில் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

ஐப்பசி, கார்த்திகை வந்தால் டில்லியில் மூச்சு விட முடியவில்லை என்று கூக்குரல் கிளம்புகிறது. குற்றவாளி யார்? வயலில் தாளைக் கொளுத்தும் பஞ்சாப் விவசாயி என்று விரல் நீட்டுகிறார்கள். கொளுத்துவது மெய்தான். மோட்டார்களும் ஆலைகளும் கக்கும் புகைக்கு மட்டும் இத்தனை கூக்குரல் இல்லை, அது கிடக்கட்டும்.

அவன் ஏன் கொளுத்துகிறான்? அறுவடை மிஷின் கதிரை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. தாள் நிலத்திலேயே நிற்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரமே மிச்சம். அவன் கைக்கு எட்டுவது தீக்குச்சி ஒன்றுதான். 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் அபராதத்தை இரட்டிப்பாக்கியது. இரண்டு ஏக்கர்கூட இல்லாதவனுக்கு 5,000 ரூபாய்! தாளை அகற்றும் செலவை யார் கொடுப்பது?

கொளுத்துவதால் நிலத்துக்கும் நஷ்டம். ஒரு டன் வைக்கோல் எரிந்தால் ஏறக்குறைய ஐந்தரை கிலோ தழைச்சத்து காற்றோடு போகிறது. அதையே பிறகு யூரியாவாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நம் பக்கம் எப்படி? ஏரிப் பாசனத்தில் அரிவாளால் அறுத்த காலத்தில் வைக்கோல் போர் ஏறியது. மாடு தின்றது, சாணம் வயலுக்குத் திரும்பியது. கழிவு என்ற பேச்சே இல்லை. மிஷின் வந்தது, அறுப்புக் கூலி போயிற்று. ஒரகடம் ரோட்டில் கம்பெனிகள் வந்தன, மேய்ச்சல் தரை போயிற்று, மாடும் குறைந்தது. இன்று வைக்கோலைச் சுருட்டிக் கட்டவும் மிஷின் வேண்டும். அது வருவதற்குள் ஒரு மழை பிடித்தால் வைக்கோல் பூஞ்சணம் பூத்துவிடும். மாடு முகர்ந்தும் பாராது. அப்போதுதான் இங்கேயும் தீப்பெட்டியைத் தேடுகிறார்கள். மிஷின் நமக்குப் பகையல்ல. அது கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருந்தால் சிறு விவசாயிக்கு வாடகை குறையும். கட்டு சுமந்து ஏற்றும் வேலையாவது நமக்குக் கிடைக்கும்.

ரைஸ் மில் தோழர்களே! நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் இருபது கிலோ உமி. நெல் அவிக்க அதையே பாய்லரில் போடுகிறீர்கள். விறகுச் செலவு மிச்சம், முதலாளிக்கு லாபம். மிஞ்சுகிற நாலு கிலோ சாம்பல்? அதில் பெரும்பங்கு சிலிகா. அதை வாரிக் கொட்டுகிறவனின் கண்ணிலும் நெஞ்சிலும் அது போய் உட்காருகிறது. காற்றடித்தால் பக்கத்துக் குடிசையின் சோற்றுப் பானையிலும் விழுகிறது. அதே சாம்பல் சிமெண்டில் கலக்கவும், செங்கல் செய்யவும், உருக்காலைக்கும் பயன்படுகிற சரக்கு. விற்கிற காசில் ஒரு முகமூடி வாங்கக்கூடாதா? தண்ணீர் தெளித்து வாரவும், மூடிய தொட்டியில் சேர்க்கவும் ஏற்பாடு செய்யக்கூடாதா? அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கூலியோடு இந்த மூன்றையும், வருஷம் ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனையையும் எழுதிக் கொடுங்கள்.