புல்லுமருந்தும் கிணற்றுத் தண்ணீரும்
(வவுணதீவில் ஆற்றிய உரை)

வயல்கார உறவுகளே, தோட்டத்துச் சகோதரங்களே! இங்கே வயலுக்கும் மலையில் தேயிலைக்கும் அடித்தது ஒரே கிளைபோசேட்தான்.

1990களில் அநுராதபுரப் பக்கம் விவசாயிகளுக்குச் சிறுநீரக வருத்தம் கண்டது. உலக சுகாதார ஸ்தாபனம் சேர்ந்து செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. காரணம் இன்றைக்கும் உறுதியாகவில்லை. சந்தேகத்தில் 2015இல் அந்த மருந்தைத் தடுத்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள். 2022இல் தடையே போச்சு. டாங்கியை முதுகில் சுமக்கிறது நம்ம ஆட்கள்தானே!

பெரிய ஆய்வுக்குக் கோடி வேணும். ஒரு லயத்துக் கிணற்றைச் சோதிக்க அவ்வளவு வேண்டாம். அந்தச் சின்ன ஆய்வுகளுக்கே நிதி கேட்கிறோம். முடிவை முதலில் நமக்கு, தமிழில் சொல்லணும். கொழும்பு அலுமாரியில் பூட்டக் கூடாது.

இன்றைக்கே ஒரு கொப்பி போடுங்கள். மருந்தின் பெயர், அடித்த நாள், அடித்தவர் பெயர். ஆராய வருகிறவருக்கு அது வேணும்.