பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதிப்பவர்



2024 அக்டோபர் இறுதியில் ஒன்றிய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 70 வயதைத் தொட்ட எவருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்றது. மனமார வரவேற்கிறேன். அன்றிலிருந்து என் மனத்தில் ஒரே கேள்விதான்: 70 வயதுக்கு முன்னால் நோய் வந்தால்?

நம் மாநிலக் கணக்கையே பார்ப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய். அதை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மாதம் பத்தாயிரம். அதுவும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து!

நம் கடைவீதியில் மூன்று பேர் வேலை பார்க்கும் ஒரு துணிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம். வருமானச் சான்றில் உள்ளதை உள்ளபடி எழுதினால் அவருக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். கடையில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது கட்டாயம். தனியார் காப்பீடு என்றால், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் போக பிரீமியம் கட்டக் கையில் என்ன மிஞ்சும்? இப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் சுமார் 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதிவிட்டது.

எல்லோருக்கும் கொடுத்தால் கஜானா தாங்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கவலை. இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஈ.எஸ்.ஐ.யில் நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 காசு கட்டுகிறார், முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். 1952-ல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி இன்றுவரை நடக்கிற ஏற்பாடு அது. அந்தப் பெண்ணும் தன்னால் இயன்றதைக் கட்டட்டும், மீதியை அரசு போடட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுஷ்மான் அட்டை, மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. நாட்டின் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் மக்கள் தங்கள் கையிலிருந்து போடுகிற பணம் என்கிறது 2021-22-க்கான தேசிய சுகாதாரக் கணக்கு. மாத்திரையை நிறுத்தியவர்தான் பிறகு பக்கவாதத்தோடு படுக்கைக்கு வருகிறார். அப்போது லட்சங்களைக் கொடுக்கிற அரசு, முன்பே சில நூறு ரூபாய் கொடுக்கக் கூடாதா? 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபோது வீட்டுக்கே மாத்திரை வந்ததே! ஈ.எஸ்.ஐ.யிலும் புறநோயாளிக்கு மருந்து உண்டே! செய்ய முடிந்த காரியம்தான் இது.

பத்துப் பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்வோர் சந்தா கட்டிச் சேர வழி வேண்டும். புறநோயாளி மருந்துச் செலவும் காப்பீட்டுக்குள் வர வேண்டும். இந்த இரண்டையும் மனுவாக எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். கடைவீதியிலிருந்து வந்திருப்பவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். நாளை கடைக்குப் போனதும் உடன் வேலை செய்கிறவர்களையும் அழைத்து வாருங்கள்.