ஒரே பெயருக்காக உழைப்பவர்கள்



டிசைன் படித்தவர்களில் பலருக்கு விளம்பர ஏஜென்சிதான் கனவு. மசாலா கம்பெனியிலோ மருத்துவமனையிலோ இன்-ஹவுஸ் டிசைனராக வேலை கிடைத்தால் முகம் வாடிவிடுகிறது. தினமும் ஒரே லோகோ, ஒரே நிறம், அதில் என்ன வளர்ச்சி என்கிறார்கள். இன்று பட்டம் பெறும் உங்களிடம் அந்த வேலைக்காகப் பரிந்து பேசவே வந்திருக்கிறேன்.

இத்தாலியின் சார்டினியா தீவில் பிறந்த ஜொவான்னி பின்டோரி, 1936-இல் ஒலிவெட்டி நிறுவனத்தில் சேர்ந்து 1967 வரை அங்கேயே வேலை பார்த்தார். தட்டச்சுப்பொறிக்கும் கணக்குப்பொறிக்கும்தான் அத்தனை ஆண்டுகளும் விளம்பரம் வரைந்தார். ஆனால் அவருடைய புகழ்பெற்ற சுவரொட்டி ஒன்றில் பொறியே கிடையாது. வண்ண வண்ண எண்கள் மட்டும் குவிந்து கிடக்கும். பொருளோடு பல காலம் பழகியவருக்குத்தான் அதைக் காட்டாமலே விற்கும் துணிவு வரும் என்று நான் நம்புகிறேன். 1952-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒலிவெட்டியின் வடிவமைப்புக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அதேபோல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டிசைனர் ஜாக்குலின் கேசி 1955-இல் பதிப்பு அலுவலகத்தில் சேர்ந்தார். வளாகத்துக் கச்சேரிக்கும் கருத்தரங்குக்கும் அவர் செய்த அறிவிப்புகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நம் ஊருக்கு வருவோம். ஒரு மசாலா பாக்கெட். கிராவூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செதுக்க வேண்டும். செதுக்கிய பிறகு நிகர எடையில் பிழை தெரிந்தால் அந்த நிறத்துக்கு மறுபடியும் சிலிண்டர், மறுபடியும் செலவு. பச்சைப் புள்ளி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், சட்டம் கேட்கும் எழுத்தின் உயரம் எல்லாம் உங்கள் பொறுப்பு. கணினியை விட்டு எழுந்து பேக்கிங் பிரிவுக்குப் போங்கள். சூடு வைத்து ஒட்டும் ஓரத்தில் எழுத்து மாட்டிக்கொள்கிறதா? தேதியும் விலையும் அடிக்கும் கருவி, நீங்கள் ஆசையாகப் போட்ட கறுப்புப் பட்டையின்மேல் கறுப்பு மையில் அடிக்கிறதா? அங்கே நிற்கும் அக்காவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வெளி ஏஜென்சிக்கு அந்த அக்கா எளிதில் கிடைக்கமாட்டார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஆங்கில லோகோவுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறோம். தமிழ்ப் பெயரைக் கடைசி நாள் மாலையில் கைக்குக் கிடைத்த எழுத்துருவில் திணிக்கிறோம். யூனிகோட் தமிழை இன்டிசைனில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று அலுத்துக்கொண்டு, பழைய குறியாக்க எழுத்துருக்களுக்கே பலர் திரும்பிவிடுகிறார்கள். வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பழைய எழுத்துருவில் செய்த கோப்பிலோ தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடிக்க முடியாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். பெயர்ப்பலகை, ரசீது, செயலி மூன்றிலும் ஒரு நிறுவனத்தின் தமிழை ஒரே முகத்தோடு கொண்டுவர ஆண்டுகள் பிடிக்கும். உள்ளேயே இருப்பவர்தான் அதைச் செய்து முடிக்க முடியும். தயவுசெய்து செய்யுங்கள்.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. "பத்தே நிமிஷ வேலைதான், தம்பி" என்று எல்லாப் பிரிவும் உங்கள் மேசைக்கு வரும். பிறந்தநாள் வாழ்த்துப் படங்களிலேயே ஒரு வருடம் ஓடிவிடும். கோரிக்கையை எழுத்தில் வாங்குங்கள். யார் படிக்கப்போகிறார்கள், எங்கே ஒட்டப்போகிறார்கள் என்று கேட்ட பிறகே கோப்பைத் திறங்கள். செய்த வேலைகளில் எதையெல்லாம் வெளியில் காட்டலாம் என்பதைச் சேரும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த நேர்முகத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

நேர்முகத்தில் நீங்களும் கேள்வி கேட்கலாம். டிசைன் பிரிவு யாருக்குக் கீழே வருகிறது? புதிய பொருளைப் பற்றிய முதல் கூட்டத்துக்கு டிசைனரை அழைப்பீர்களா? "எல்லாம் முடிவானதும் சொல்லியனுப்புவோம்" என்றால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் நன்றாக யோசியுங்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு நாற்காலி தருகிற இடம் சின்னக் கம்பெனியாக இருந்தாலும் தயங்காமல் சேருங்கள்.