திரைக்குப் பின்னே வளரும் கருந்துளைகள்



வடாலாவில் வாழும் நம்மவர்க்கு எக்ஸ் கதிர் புதியதன்று. அடுத்துள்ள சிவ்ரியின் காசநோய் மருத்துவமனையில் மார்புப் படம் எடுத்துக்கொண்டோர் பலர். சட்டையையும் சதையையும் கடந்து உள்ளிருப்பதைக் காட்டும் அக்கதிரைக் கொண்டே, வானில் மறைந்து வளரும் கருந்துளைகளையும் தேடுகின்றனர்.

கருந்துளையிலிருந்து ஒளி வெளிவாராது. பின் அதனைக் காண்பது எங்ஙனம்? அதனை நோக்கி வீழும் வாயு, வீழுமுன் சுழன்று கொதிக்கிறது. விளிம்பருகே எக்ஸ் கதிர் பிறக்கிறது. விழுங்க விழுங்கக் கருந்துளை பெருக்கிறது. ஆனால் பல விண்மீன் மண்டலங்களின் நடுவே தூசும் வாயுவும் தடித்த திரையாய்ச் சூழ்ந்துள்ளன. கண்ணொளி அங்கேயே மடியும். மென்மையான எக்ஸ் கதிரும் தப்பாது. வன்கதிரே துளைத்து வரும். திரை மிகத் தடித்தால் அதுவும் பெரிதும் சிதறிவிடும். அப்பொழுது, சூழ்ந்துள்ள இரும்பணுக்கள் 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உமிழும் கதிரே நமக்குத் துப்பு.

இத்துணை முயற்சி எதற்கு என்பீர்கள். 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ஏவிய ராக்கெட், வானெங்கும் எக்ஸ் கதிர் மங்கலாய்ப் பரவியிருப்பதைக் கண்டது. 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி, அதன் பெரும்பகுதி வளரும் கருந்துளைகளின் கூட்டொளியே எனக் காட்டிற்று. எனினும் வன்கதிரின் கணக்கு, மறைந்தவற்றையும் சேர்த்தாலன்றி நேராவதில்லை. அவற்றை விட்டுவிட்டால் விண்மீன் மண்டலங்களின் வரலாறே பிழைபடும்.

அத்தொலைநோக்கி நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது. 1930 ஜூலை 31-இல், பத்தொன்பது வயதில், அவர் கப்பலேறியது இந்தப் பம்பாய்த் துறைமுகத்தில்தான்! வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டென அக்கடற்பயணத்திலேயே கணித்தார். 1935-இல் லண்டன் அவையில் எடிங்டன் அதனை எள்ளினார். 1983-இல் நோபெல் பரிசு வந்தது. இடையே கழிந்தவை நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

வளிமண்டலம் இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால் கருவிகள் மேலே செல்ல வேண்டும். 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. வடாலாவில் ரயிலேறிக் கடைசி நிலையத்தில் இறங்கினால், அப்பால் சிறு தொலைவே.

பொறுமையும் பெரிது. தென்வானில் முழுமதியினும் சிறிய ஒரு துண்டைச் சந்திரா நோக்கிய நேரம் மொத்தம் எழுபது இலட்சம் விநாடி. ஏறத்தாழ 81 நாள். அங்ஙனம் நோக்கியும், மிக மங்கியவை அனுப்பியவை விரல்விட்டு எண்ணத்தக்க கதிர்த்துகள்களே.