பூமி முன்கூட்டிச் சொல்லுமா?

(ஏலகிரியில் செய்த சொற்பொழிவு)

2021 நவம்பர் 29-ந் தேதி விடியற்காலை வேலூருக்கு மேற்கே 3.6 அளவுள்ள சிறு பூமியதிர்ச்சி ஏற்பட்டது ஏலகிரிவாசிகளாகிய உங்களுக்கு நினைவிருக்கலாம். பெரிய அதிர்ச்சிக்கு முன் கிணற்றுத் தண்ணீர் ஏறி இறங்கும், நிலம் சிறிது சிறிதாக ஆடும் என்கிறார்கள். இது முழுப் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. சீன தேசத்து ஹைசெங்கில் 1975-ல் இப்படிப்பட்ட அறிகுறிகளைக் கண்டே ஜனங்களை வெளியேற்றினார்கள், அநேகர் பிழைத்தார்கள். ஆனால் அடுத்த வருஷமே அதே தேசத்து டாங்ஷானில் யாதொரு எச்சரிக்கையுமின்றி 2 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். நம் நாட்டிலும் கொய்னாவில் 3 கிலோமீட்டர் ஆழம் துளையிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, நாளும் மணியும் குறித்துச் சொல்ல விஞ்ஞானியால் முடியவில்லை. முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுவதுதான் அவனுடைய யோக்கியதை. பஞ்சாங்கக்காரரோ அதிர்ந்த பிறகு கிரகத்தைக் காட்டுகிறார். தட்சணை வாங்குமுன் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமே, பார்ப்போம்!

1993-ல் மராட்டிய நாட்டு லாத்தூரில் தூங்கினவர்களைக் கொன்றது எது? மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கற்சுவர்களே. ஆகையால் தோழர்களே, பரிகாரத்துக்கென்று எடுத்து வைக்கும் பணத்தை வீட்டுச் சுவரைப் பலப்படுத்தச் செலவிடுங்கள்.